செலஸ்ரீனா செய்த ஹோப்பி முகமூடி

கேசிகா காலையிலிருந்தே ஒரு சேதியைச் சொல்லாமல் வைத்திருந்தாள். பேருந்து அவர்கள் வாழும் இத்தாலிய நகரத்தின் பிரான்காச்சோப் பகுதியைத் தாண்டிவிட்டது. இன்னும் பத்து நிமிடத்தில் பள்ளிக்கூடம்.

பக்கத்தில் அவள் தமிழ்த் தோழி செலஸ்ரீனா, மடியில் பெரிய அட்டை முகமூடியோடு இருந்தாள். அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்தில் வாழும் ஹோப்பி மக்கள், மழை வேண்டி ஆடும்போது அணிவதைப் படத்தில் பார்த்துச் செய்தது. அவர்களைப் பற்றித்தான் இன்று இருவரும் வகுப்பில் பேச வேண்டும்.

"வடிவா இருக்கோ?" என்று நூறாவது தடவையாகக் கேட்டாள் செலஸ்ரீனா.

"ஓம்," என்றாள் கேசிகா. அழகாகத்தான் இருந்தது. அதுதான் சிக்கல்.

நேற்று மாலை நூலகப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை அவள் வாசித்துத் தொலைத்துவிட்டாள். ஹோப்பி ஊர்களுக்கு வருபவர்கள் சடங்குகளைப் படம் எடுக்கக் கூடாதாம். வரையவும் கூடாதாம். அப்படியென்றால் சடங்கு முகமூடியையே செய்து காட்டுவது சரியா?

உடனே, அதே நகரத்தின் ஒரேத்தோப் பகுதியில் தமிழர்கள் வாடகைக்கு எடுத்து நடத்தும் கோவில் அறை நினைவுக்கு வந்தது. போன திருவிழாவில், திரை மூடியிருக்கும்போதே யாரோ உள்ளே கேமராவை நீட்டிச் சாமியைப் படம் எடுத்துவிட்டார். அம்மாவின் முகம் அன்று முழுக்கச் சுருங்கிக் கிடந்தது.

சொன்னால் செலஸ்ரீனா கோபிப்பாள். அந்தப் பள்ளியில் கேசிகாவுக்கு இருப்பது இந்த ஒரே தோழிதான்.

பேருந்து நின்றது. இறங்கியதும் கேசிகா ஒரே மூச்சில் எல்லாவற்றையும், கோவில் திரை உட்பட, கொட்டிவிட்டாள்.

செலஸ்ரீனாவின் கண்கள் நிறைந்தன. "ஒரு கிழமை வேலை! இப்ப வந்து சொல்லுறாய்!"

"நேற்றுத்தான் வாசிச்சனான். சொல்லப் பயமா இருந்தது."

"அப்ப என்னத்தைக் காட்டுறது? உன்ரை தலையையோ?"

கேசிகா அட்டையைத் திருப்பினாள். பின்பக்கம் வெறும் மண் நிறம்.

"இதிலை அவையின்ரை ஊரைக் கீறு. குன்றுக்கு மேலை கல்வீடு, ஏறுறதுக்கு ஏணி. உன்னை மாதிரி ஆர் கீறுவினம்? நான் சோளத்தைப் பற்றிக் கதைக்கிறன். ஒரு சாண் ஆழத்திலை நட்டுப்போட்டு மழையைப் பாத்திருக்கிறவை."

செலஸ்ரீனா மூக்கை உறிஞ்சினாள். "பேனையைத் தா."

அவள் வரைய வரைய, முகமூடியின் கண் ஓட்டைகள் இரண்டும் கல்வீட்டு யன்னல்கள் ஆயின.

வகுப்பில் அட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். கேசிகாவின் குரல் முதலில் நடுங்கியது. சோளத்துக்கு வந்ததும் நேரானது.

"நன்றாக இருக்கிறது. பின்னால் ஏதோ வண்ணம் தெரிகிறதே?" என்று ஆசிரியை கையை நீட்டினார்.

கேசிகா செலஸ்ரீனாவைப் பார்த்தாள்.

செலஸ்ரீனா பாய்ந்து அட்டையைச் சுவரோடு அழுத்திப் பிடித்தாள். "பார்க்க முடியாது, மாயெஸ்த்ரா. திரை போட்டாயிற்று!" என்றாள் இத்தாலிய மொழியில்.

ஆசிரியைக்கு ஒன்றும் புரியவில்லை. கேசிகாவுக்குப் புரிந்தது. அவளும் ஒரு கையை வைத்து அட்டையை அழுத்திப் பிடித்தாள்.