சைரன் போட்டாலும் விடாதீங்க

கதவு திறந்தது.

முதலில் வந்தது ஏலக்காய் வாசனை.

அப்புறம்தான் அந்தக் கால் தெரிந்தது... செருப்பில்லாத ஒரு பெண்ணின் கால்!

எஸ்.ஐ. அருண்பாண்டி ஆம்புலன்ஸுக்குள் தாவி ஏறினான். சாக்கு மூட்டைகளுக்கு நடுவே ஒருக்களித்துக் கிடந்தவளின் மணிக்கட்டைப் பிடித்தான். கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். சூடு இருந்தது. துடிப்பு இல்லை.

உதடு நீலம் பூத்திருந்தது.

சாட்சிக்கென்று டீக்கடையிலிருந்து கூட்டி வந்த இரண்டு பேரும் பின்வாங்கினார்கள். டிரைவர் சுவக்கீன் ரோட்டில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

"சொன்னனே சார்... உள்ள புள்ள சாகுதுன்னு சொன்னனே..."

ஆமாம், சொன்னான். அருண்பாண்டிதான் நம்பவில்லை.

நம்பாதே என்று காலையிலேயே ஒருத்தி சொல்லியிருந்தாள்!

அந்த மலை உச்சிச் செக்போஸ்ட்டில் அன்று காலை அவனைப் போல சந்தோஷமான மனிதன் வேறு யாரும் இல்லை. போன் அடித்தது. தெரியாத நம்பர். சின்னப் பெண்ணின் குரல்.

"பேரு கேக்காதீங்க சார். மலைமேல இருக்க காலேஜ்ல படிக்கேன். எங்க காலேஜ் ஆம்புலன்ஸ் இன்னைக்கு உங்க செக்போஸ்ட்டத் தாண்டிப் போவும். உள்ள நோயாளி இருக்க மாட்டாங்க. களவு ஏலக்காதான் இருக்கும்."

"ஒனக்கெப்படித் தெரியும்?"

"காய்ச்சல்னு ஒருநா அதுல படுத்துட்டுப் போனேன் சார். மெத்தை பூராம் ஏலக்கா மணம். ஆக்சிஜன் சிலிண்டரக் கழத்தி எறிஞ்சிட்டு அந்த எடத்துல மூட்டை அடுக்குறாங்க. நாங்க வருசா வருசம் கட்டுற ஹெல்த் ஃபீஸ்ல வாங்குன வண்டி சார் அது..."

பேச்சுக்கு நடுவே அவளுக்கு மூச்சு வாங்கியது. பயத்தில் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

"சைரன் போட்டுட்டு வருவாங்க. புள்ள சாகுதுன்னு அழுவாங்க. சைரன் போட்டாலும் விடாதீங்க சார்."

விட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தான். அந்த நம்பரை 'ஏலக்காய்' என்று பெயர் போட்டுச் சேமித்தும் வைத்தான்.

எஸ்டேட் ஸ்டோர்களில் திருடு போகும் ஏலக்காய் எந்த வழியாகப் போடிக்குப் போகிறது என்று மாதக் கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவன் அவன். மேலதிகாரியிடம் வாங்கிய வசவுக்குக் கணக்கே இல்லை. திருட்டு மூட்டை அவன் மூக்குக்குக் கீழேதான் போயிருக்கிறது! சைரன் கேட்டதும் தடுப்புக் கம்பைத் தூக்கி, சல்யூட் அடிக்காத குறையாக அனுப்பி வைத்ததும் அவனுடைய ஆட்கள்தான்.

மத்தியானம் மூடுபனிக்குள்ளிருந்து சைரன் கேட்டது. கம்பு இறங்கியே இருந்தது.

சுவக்கீன் தலையை வெளியே நீட்டிக் கெஞ்சினான். உள்ளே ஒரு பெண் மூச்சுத் திணறிக் கிடக்கிறாள், தேனி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றான்.

"இத நீ சொல்லுவன்னு காலையிலேயே சொல்லிட்டாங்கடே."

கூட நர்ஸ் யாரும் வரவில்லையா என்று அருண்பாண்டி கேட்டான். சுவக்கீன் விழித்தான். மூச்சுத் திணறும் பெண்ணைத் தனியாகவா அனுப்புவார்கள் என்று கேட்டான். சுவக்கீனுக்கு வேர்த்துக் கொட்டியது. அது போதும் அருண்பாண்டிக்கு! சாவியைப் பிடுங்கினான். பின்கதவுப் பூட்டில் நுழைத்தான்...

நிறுத்தினான்.

போன தடவை ஒரு ஜீப்பைப் பிடித்தபோது அவசரப்பட்டுத் தானே திறந்துவிட்டான். கோர்ட்டில் வக்கீல் ஒரே கேள்வி கேட்டார்: திறக்கும்போது யார் பார்த்தார்கள்? கேஸ் அங்கேயே செத்தது. இந்த முறை அந்தத் தப்பு நடக்கக் கூடாது. பிடித்ததைப் பதியும் மகஸர் எழுத உள்ளூர்ச் சாட்சி இரண்டு பேர் வேண்டும் என்று கான்ஸ்டபிளைக் கீழ் வளைவு டீக்கடைக்கு அனுப்பினான்.

சுவக்கீன் காலில் விழுந்தான். சைரன் அலறிக்கொண்டே இருந்தது. அலறட்டும் என்று விட்டுவிட்டு, அருண்பாண்டி பானட்டில் சாய்ந்து டீ குடித்தான்.

அந்த டீயை அவனால் இந்த ஜென்மத்தில் மறக்க முடியாது.

பிணத்தைப் பார்க்கக் கல்லூரி ஜீப் வந்து நின்றது. மேனேஜர் சென்னியப்பன் இறங்கினார். வடகரப்பதி என்ற ஊர்க்காரர். வெள்ளைச் சட்டை, வெண்ணெய்க் குரல். பின்னாலேயே முக்காடு போட்ட ஒரு பெண் இறங்கினாள். எங்கள் கல்லூரிக் கவுன்சலர், பெயர் ரஜீனா என்று அறிமுகப்படுத்தினார்.

செத்தவள் செல்வப்பிரியா, கடைசி வருஷம், எஸ்டேட் கூலிக்காரர் மகள் என்பதையும் அவரே சொன்னார்.

"ஏனுங்க சார், ஆஸ்துமாக்காரப் புள்ளைங்க. ஆஸ்பத்திரிக்குப் போற வண்டிய நிறுத்தி வெச்சுட்டீங்க. அந்தப் புள்ள ஊட்டுக்கு நீங்கதானுங்க பதில் சொல்லோணும்."

"மூட்டைக்கு யாரு பதில் சொல்லுவா?"

"அது டிரைவர் பண்ணுன வேலைங்க. காலேஜுக்கு என்னங்க தெரியும்?"

சுவக்கீன் தலையைத் தூக்கினான். அவன் மகள் அதே கல்லூரியில் பாதிக் கட்டணச் சலுகையில் படிக்கிறாள். தூக்கிய தலை தானாக இறங்கியது.

இந்த ஆள் தப்பித்துவிடுவான். பழி முழுக்கத் தன் தலையில்தான் விழும். மிச்சமிருப்பது ஒரே ஒரு துருப்பு!

"ஒங்க காலேஜ்லேருந்தே எனக்குச் சாட்சி இருக்கு. சிலிண்டரக் கழத்துனதக் கண்ணால பாத்த புள்ள. கோர்ட்ல வந்து சொல்லும்."

வெண்ணெய்க் குரல் முதல் முறையாக அடைத்தது.

அருண்பாண்டி போனை எடுத்தான். திரையில் வரிசையாக, எடுக்காமல் போன அழைப்புகள். எல்லாமே 'ஏலக்காய்'. எல்லாமே சைரன் அலறிக்கொண்டிருந்த நேரத்தில் வந்தவை... இன்னும் ஏதோ சொல்ல நினைத்திருக்கிறாள், சைரன் சத்தத்தில் கேட்காமல் போய்விட்டது.

சென்னியப்பனைப் பார்த்துக்கொண்டே அந்த நம்பரை அழைத்தான்.

மணி அடித்தது.

காதில் மட்டுமல்ல...

ஆம்புலன்ஸுக்குள்!

ஒரு மூட்டைக்கு அடியில், செல்வப்பிரியாவின் விரல்களுக்குக் கொஞ்சம் தள்ளி, குருவி கத்துகிற மாதிரி ஒரு ரிங்டோன் கத்திக்கொண்டிருந்தது.

அவன் அதை அணைக்கவில்லை. விரல் வரவில்லை. இரும்புக் கதவுக்கு இந்தப் பக்கம் அவன் டீ குடித்தபோது, அந்தப் பக்கம் அவள் அவனைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். பேச மூச்சில்லாமல், மறுபடி மறுபடி...

ரஜீனா அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் லைப்ரரில வேலை பாக்குறவ சார். இன்ஸ்பெக்‌ஷன் வந்தா மட்டும் அந்தக் கவுன்சலிங் ரூம்ல என்னைய உக்கார வைப்பாங்க. போர்டுல பேரு இருக்க டாக்டரும் அன்னைக்கு மட்டுந்தான் வருவாரு. இவ போர்ட நம்பி உள்ள வந்துட்டா. ஆம்புலன்ஸ்ல களவு ஏலக்கா போவுதுக்கா, ராத்திரி தூக்கமில்ல, பயமா இருக்கு, என்ன செய்யன்னு கேட்டா. போலீசுக்குச் சொல்லிருமான்னு ஒங்க நம்பர நான்தான் குடுத்தேன்."

சென்னியப்பன் அவளை முறைத்தார். அவள் நிறுத்தவில்லை.

"அந்த நாற்காலில உக்காந்து நான் சொன்ன ஒரே யோசனை சார் அது."

சுவக்கீனும் அப்போதுதான் வாயைத் திறந்தான். மூட்டை ஏற்றி முடித்த பிறகுதான் ஹாஸ்டலில் இவள் மூச்சுத் திணறி விழுந்தாளாம். இறக்க நேரமில்லை, மூட்டை மேலேயே போடு, கூட யாரையும் ஏற்றாதே என்று மேனேஜர் சொன்னாராம்.

"இந்த வண்டி வேண்டாம்னு கையெடுத்துக் கும்புட்டுச்சு சார். ஏன்னு எனக்கு அப்பம் வெளங்கல..."

சொன்னது அங்கேதான். கோர்ட்டில் சொல்லவில்லை. மகளின் படிப்பு அவன் வாயை அடைத்தது. ரிமாண்டுக்குப் போனவன் சுவக்கீன். சாட்சிக் கூண்டில் வெள்ளைச் சட்டையோடு நின்றவர் சென்னியப்பன். நோயாளி வண்டியைத் தடுத்ததற்காக சஸ்பெண்ட் ஆனவன் அருண்பாண்டி.

செல்வப்பிரியாவின் அம்மா அழகுத்தாய் அவனைத் திட்டியிருந்தாலாவது தேவலை. கிழிந்த தேயிலைக் கொழுந்துச் சாக்கை இடுப்பில் கட்டியபடி ஸ்டேஷனுக்கு வந்தவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எம்புள்ள கடைசியா ஒங்ககிட்ட எதுவும் சொன்னுச்சாய்யா?"



மழைக்காலம் முடிந்து கல்லூரி மறுபடி திறந்தது. சித்திரபுரத்தில் அப்பாவின் மின்வாரியக் குடியிருப்பில், வேலையில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அருண்பாண்டிக்குப் போன் வந்தது.

ரஜீனா.

"இந்த வருசம் ஹெல்த் ஃபீஸ் ஏத்திட்டாங்க சார்."

"எதுக்காம்?"

"பழைய ஆம்புலன்ஸ் ஒங்க ஸ்டேஷன்ல கேஸுக்குப் பிடிச்ச தொண்டியா நிக்குதாம். புதுசு வாங்கணுமாம்."

அவளே தொடர்ந்தாள்:

"இந்தத் தடவை கொஞ்சம் பெரிய வண்டியாம் சார்."