எட்டு வாளியும் ஒரு சிவப்புக் கிளிப்பும்

எங்கள் வீட்டில் எதையும் லேசில் தூக்கிப் போட மாட்டோம். தீர்ந்துபோன பற்பசைக் குழாயை அப்பா கத்தரிக்கோலால் வெட்டித் திறப்பார். அதில் இன்னும் இரண்டு நாள் ஓட்டிவிடுவார். கரைந்து சின்னதாகிப்போன சோப்புத் துண்டுகளை அம்மா ஒன்றாக அழுத்தி ஒரே சோப்பாக்கிவிடுவாள். அதனால் எங்கள் சோப்புக்கு எப்போதும் நாலு நிறம். பழைய நோட்டுகளில் மிஞ்சிய தாள்களைச் சேர்த்துத் தைத்து எனக்கு ஒரு நோட்டு செய்து தந்தவர் சித்தப்பா. அதில் ஒரு பக்கம் கோடு போட்டிருக்கும், அடுத்த பக்கம் கட்டம் போட்டிருக்கும்.

தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். எங்கள் தெருக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். ஒரு சொட்டைக்கூடச் சாக்கடையில் விட எங்களுக்கு மனசு வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் எப்போதும் களைப்பு. அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். விடியும் முன்பே கிளம்பிவிடுவார். மத்தியானம் வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துவிடுவார். அம்மா ஒரு பெரிய சலவை நிலையத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். நாள் முழுக்க நின்றபடியே வேலை. சித்தப்பாவுக்கு ரொட்டிக் கடையில் இரவு வேலை. காலையில் மாவு ஒட்டிய தலையோடு வந்து, சமைத்து வைத்துவிட்டுத் தூங்கப் போவார்.

ஒருவர் வரும்போது இன்னொருவர் கிளம்பியிருப்பார், இல்லையென்றால் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். எனக்குப் பத்து வயதுதான். ஆனாலும் இவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கொட்டாவி வரும்.

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. சித்தப்பா சனிக்கிழமை இரவு வேலையை முடித்து ஞாயிறு காலை வந்துவிடுவார். அம்மாவுக்கு மட்டும் அன்றும் வேலை உண்டு. அம்மா வீட்டில் இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையை நான் பார்த்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது.

அதனால்தான் எங்களுக்கு அந்த எட்டு வாளிகளும் அவ்வளவு முக்கியம்.

யாரோ தெருவில் போட்டுவிட்டுப் போன காலி பெயிண்ட் வாளிகள் அவை. அப்பா அவற்றைத் தேய்த்துக் கழுவி, பின்பக்கச் சுவரோரம் வரிசையாக வைத்தார். நாலில் தக்காளி, இரண்டில் கத்தரி, இரண்டில் அவரை. அடியில் ஓட்டை போட வேண்டும் இல்லையா? அப்பா ஒவ்வொரு வாளிக்கும் ஒரே ஓர் ஓட்டைதான் போட்டார். அதுவும் ஊசித் துவாரம் மாதிரி.

"நிறைய ஓட்டை போட்டா தண்ணி வீணாப் போயிடும் பாப்பா" என்றார்.

வெயிலில் ஈரம் காயக் கூடாது என்று அம்மா மண்ணின் மேல் பழைய சாக்குத் துண்டுகளைப் போட்டு மூடினாள். அன்றைக்குத்தான் அவள் என்னிடம் சொன்னாள்: "இது மட்டும் நல்லாக் காய்ச்சுதுன்னு வை, காய்கறி வாங்கற செலவு மிச்சம். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை நான் எதுக்கு வேலைக்குப் போகணும்? அடுத்த மாசக் கடைசியில வர மாட்டேன்னு சொல்லிடுவேன்."

அன்றிலிருந்து நான் தினமும் செடிகளை எண்ணிப் பார்த்தேன். எட்டுதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனாலும் எண்ணினேன். சித்தப்பா எனக்கு "மேனேஜர்" என்று பெயர் வைத்துவிட்டார்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் வளர்ந்தன. பிறகு ஒருநாள் தக்காளி இலை மஞ்சளானது. அடுத்து கத்தரி இலை தொங்கியது. பூக்கள் பிஞ்சாகாமலே உதிர்ந்தன.

"தண்ணி பத்தலை போலிருக்கு" என்றார் அப்பா.

நானும் அப்படித்தான் நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் தாகத்தை அடக்கிக்கொண்டு, பாட்டிலில் பாதித் தண்ணீரை மிச்சம் பிடித்து வந்து ஊற்றினேன். செடிகள் இன்னும் வாடின.

ஒரு சாயங்காலம் அம்மா செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கால் வலியில் ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றாள்.

"சரி, விடு கண்ணு. ஞாயிற்றுக்கிழமையும் வர்றேன்னே சொல்லிடறேன்."

"இப்பவே சொல்லாதம்மா. மாசக் கடைசி வரைக்கும் பொறு. ப்ளீஸ்!"

"சரி" என்றாள் அம்மா. அதைச் சொல்வதற்குக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை.

அடுத்த வாரம் எங்கள் பள்ளியில் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பதற்காக இரண்டு நாள் விடுமுறை விட்டார்கள். முதல் நாள் விடியற்காலை ஏதோ சத்தம் கேட்டு எழுந்தேன். பின்பக்கம் அப்பா நின்றிருந்தார். முகம் கழுவிய தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் பேசினில் பிடித்து வைத்து, எட்டு வாளிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருந்தார்.

"தினமும் ஊத்துவீங்களாப்பா?"

"ஆமா பாப்பா. அம்மாவும் சித்தப்பாவும் களைச்சுப்போய் வர்றாங்க. அவங்களுக்கு எங்கே நேரம்? நான் ஊத்தினாத்தான் உண்டு" என்று சொல்லிவிட்டு டிப்போவுக்குக் கிளம்பினார்.

நல்ல அப்பா என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொண்டு சமையலறை ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் வாளிகள் தெரியும்.

எட்டு மணிக்குச் சித்தப்பா வந்தார். காய்கறி கழுவினார், முட்டை வேகவைத்தார். காய்கறி கழுவிய தண்ணீரையும், முட்டை வெந்து ஆறிய தண்ணீரையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"சித்தப்பா! நீங்களும் ஊத்துறீங்களா?"

"அது என்ன, நீங்களும்? அண்ணனும் அண்ணியும் பாவம், மாடா உழைக்கிறாங்க. நான் ஊத்தினாத்தான் உண்டு, மேனேஜர்." ஒரு பெரிய கொட்டாவி விட்டுவிட்டு அவர் தூங்கப் போனார்.

நாலு மணிக்கு அம்மா வந்தாள். செருப்பைக் கழற்றியதும் துணி துவைத்தாள். கடைசியாக அலசிய தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

"அப்பாவும் சித்தப்பாவும் அலுத்துப்போய்த் தூங்கறாங்க. நான் ஊத்தினாத்தான் உண்டு" என்றாள் அம்மா.

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். பள்ளிக்கூடம் இல்லாத அன்றும் அதில் பாதித் தண்ணீரோடு என் பாட்டில் இருந்தது. நானும் தினமும் மனசுக்குள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாட்டிலை வைத்துவிட்டு ஓடிப்போய் ஒரு வாளியின் சாக்கைத் தூக்கினேன். மண்ணில் விரலை விட்டேன். விரல் அப்படியே உள்ளே இறங்கியது. வெளியே எடுத்தபோது மழையில் நனைந்த சாக்ஸ் மாதிரி ஒரு நாற்றம்.

தாகத்தால் வாடவில்லை எங்கள் செடிகள். மூழ்கிக்கொண்டிருந்தன.

எங்களுக்குப் பேச நேரமில்லாமல் போனதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். சோப்பை, பற்பசையை, தண்ணீரை மிச்சம் பிடித்து, கடைசியில் பேச்சையும் மிச்சம் பிடித்துவிட்டோம்.

அன்று சாயங்காலம் அப்பா எழுந்ததும், சித்தப்பா வேலைக்குக் கிளம்பும் முன்பாக, மூவரையும் பின்பக்கம் நிற்கவைத்தேன்.

"மேனேஜர் மீட்டிங் போட்டாச்சு. நம்ம கதி அதோகதிதான்" என்றார் சித்தப்பா.

"ஒவ்வொருத்தரா விரலை விட்டுப் பாருங்க."

அப்பா விட்டார். சித்தப்பா விட்டார். அம்மா விட்டாள். மூன்று பேரும் விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"காலையில நீ ஊத்தினியா?" என்று அப்பா சித்தப்பாவைக் கேட்டார்.

"நீ ஊத்தினியாண்ணே? அண்ணி, நீங்களுமா?"

"நீங்கல்லாம் களைச்சிருப்பீங்கன்னுதான் தம்பி நான்..." என்று ஆரம்பித்த அம்மாவுக்குத் திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாள், சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அப்புறம் அது வெறும் சிரிப்பு மாதிரித் தெரியவில்லை. நான் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தக் கண்ணீரையும் செடிக்கு ஊத்திடாதீங்க அண்ணி" என்றார் சித்தப்பா. அம்மா அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

"இப்ப என்ன பண்றது மேனேஜர்?" என்று அப்பா கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார்.

துணி காயப்போடும் கம்பியில் ஒரு சிவப்புக் கிளிப் இருந்தது. அதை எடுத்து முதல் வாளியின் விளிம்பில் மாட்டினேன்.

"கிளிப் இங்கே இருந்தா, இன்னிக்குத் தண்ணி போதும், யாரும் தொடக் கூடாதுன்னு அர்த்தம். நான் தினமும் விரலை விட்டுப் பார்ப்பேன். மண் காய்ஞ்சிருந்தா கிளிப்பைக் கம்பியில மாட்டிடுவேன். அப்போ ஒருத்தர் மட்டும் ஊத்தணும். ஊத்தினவங்க கிளிப்பைத் திரும்ப வாளியில மாட்டிடணும்."

"களைச்சு வந்து நின்னு பேச வேண்டியதுகூட இல்லை" என்றாள் அம்மா. "நல்லா இருக்கு."

"இன்னொண்ணு. ஒவ்வொரு வாளிக்கும் இன்னும் மூணு ஓட்டை போடணும்பா. பெரிசா."

அப்பாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! என்னவோ அவர் சட்டையிலேயே ஓட்டை போடச் சொன்னது மாதிரி இருந்தது. ஆனாலும் ஆணியும் சுத்தியலும் எடுத்து வந்து போட்டார். குபுகுபுவென்று கறுப்புத் தண்ணீர் வடிந்தது. அப்பா அவசரமாக ஒரு தட்டை எடுத்து அடியில் வைத்தார்.

"அப்பா!"

"சும்மா, ஒரு பழக்கம்தான்" என்று தட்டை எடுத்துவிட்டார்.

"அப்போ நாங்க பிடிச்சு வைக்கிற தண்ணிய?" என்று சித்தப்பா கேட்டார்.

"கழிவறை வாளியில ஊத்துங்க. அதுக்கு எவ்வளவு ஊத்தினாலும் வாடாது."

அடுத்த ஐந்து நாளும் கிளிப் வாளியிலேயே இருந்தது. யாருக்கும் அது சுலபமாக இல்லை. விடியற்காலையில் அப்பா பேசினோடு வருவார். சிவப்பைப் பார்ப்பார். பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்பிப் போவார். சித்தப்பா ஒருநாள், "ஒரே ஒரு டம்ளர்?" என்று என்னிடம் கெஞ்சிப் பார்த்தார். நான் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டேன்.

ஆறாம் நாள் மண் காய்ந்திருந்தது. கிளிப்பைக் கம்பியில் மாட்டினேன். சாயங்காலம் பார்த்தால் அது வாளிக்கே திரும்பியிருந்தது. யாரோ ஒருவர், ஒரே ஒருவர், ஊற்றியிருந்தார்.

எல்லாச் செடியும் பிழைத்தது என்று சொன்னால் அது பொய். ஒரு தக்காளியும் ஒரு கத்தரியும் போய்விட்டன. நான் அழுதேன். ஆனால் மற்ற ஆறும் மெல்லத் தலையைத் தூக்கின. புது இலை விட்டன. பூ இந்தத் தடவை உதிரவில்லை. மாதக் கடைசியில் பச்சைத் தக்காளிகள் கோலிக்குண்டு மாதிரி தொங்கின. அவரைக் கொடி சுவரைப் பிடித்து மேலே ஏறிக் காய்க்கவே தொடங்கிவிட்டது.

அன்று வேலையிலிருந்து வந்த அம்மா, செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் பின்பக்கம் வந்தாள். ஒரு தக்காளியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"சொல்லிட்டேன் கண்ணு" என்றாள்.

"என்னன்னு?"

"ஞாயிற்றுக்கிழமை வர மாட்டேன்னு."

அந்த ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி ஆயிற்று. அம்மா எழுந்திருக்கவில்லை. ஒன்பது ஆயிற்று. போர்வைக்கு வெளியே அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன. அம்மா இவ்வளவு நேரம் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

அப்பா துண்டு எங்கே என்று கேட்க அறைக்குள் வந்தார். போர்வையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு வெளியே போய், பழைய சட்டையால் தலையைத் துவட்டிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் சித்தப்பா, அண்ணியை எழுப்பலாம் என்று சூடான டீயோடு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். அம்மாவின் போர்வை ஓரத்தில் நான் மாட்டியிருந்த சிவப்புக் கிளிப் அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"உத்தரவு, மேனேஜர்" என்று கிசுகிசுத்தார். அப்புறம், டீ வீணாகக் கூடாது இல்லையா, அங்கேயே நின்று அதைச் சத்தமில்லாமல் அவரே குடித்துவிட்டுப் போனார்.