வானத்துக்கு ஒரு மூடி

தொண்ணூறாவது நாள் காலையிலும் செல்வினின் பயன்மானி சுழியம் காட்டியது. மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டினான். பதினொரு மணிக்கு மண்டல அலுவலகத்தில் விசாரணை. அதுவரை சுழியம் நின்றால் போதும். மாடியறை தப்பிவிடும்.

தெரு நீல நிழலில் கிடந்தது. நான்கு தெருக்களுக்கு மேலே மாநகராட்சி குளிர்விதானம் விரித்திருந்தது. வெயிலை வாங்கி வானத்துக்கே திருப்பி அனுப்பும் மெல்லிய படலம். சித்திரையில்கூடக் கீழே ஏழு டிகிரி குறைவு. நான்கு தெருக்களும் சேர்ந்து ஒரு சிறப்புப் பயன்வரி வட்டம். யாருக்கு எவ்வளவு பயனோ அவ்வளவு வரி. அதை அளக்க ஆளுக்கொரு பயன்மானி. தோல், நாடி, மூச்சு எல்லாம் பார்த்து, உடம்பில் எழும் சுகத்தை எண்ணாக்கும். அந்தச் சுகம் வீட்டில் போட்ட காபியால் வந்ததா, மாநகராட்சி போட்ட விதானத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல மண்டல அலுவலகத்தில் பகுப்பான் இருந்தது. அது பிசகவே பிசகாது என்று மாநகராட்சி நீதிமன்றம் வரை போய் நிரூபித்திருந்தது.

இப்போது விதானத்துக்கு ஆறாவது தூண் வேண்டுமாம். அது செல்வினின் மாடியறையைத் துளைத்துக்கொண்டு இறங்கவேண்டும் என்றது வரைபடம். வட்டத்துக்குள் இருக்கும் வீட்டில் தூண் நட யாரையும் கேட்கத் தேவையில்லை. தொண்ணூறு நாள் சுழியம் காட்டும் வீடு மட்டும் வட்டத்தை விட்டு விலகலாம். விதியை எழுதியவர்கள் அப்படியொரு வீடு இருக்கும் என்று நினைத்திருக்கமாட்டார்கள்.

மாடியறையில் அவன் மனைவி பிரிசில்லா கணக்கு டியூஷன் எடுத்தாள். பதினான்கு மாதங்களுக்கு முன் காய்ச்சல் வந்தது. பதினொரு நாள். அதன்பிறகு செல்வின் மாடி ஏறவில்லை. கரும்பலகையில் அவள் பாதியில் விட்ட கணக்கு அப்படியே இருக்கும். அன்றிலிருந்து அவனுக்கு வெயிலும் உறைக்கவில்லை, குளிரும் உறைக்கவில்லை. சுழியத்துக்காக அவன் எந்தப் பாடும் படவில்லை.

முக்கில் மளிகைக்கடை சுடலைமணி அண்ணாச்சி காத்திருந்தார். விசாரணைக்குத் தெருக்காரர் ஒருவர் சாட்சி வேண்டும்.

"மானிய ஏத்த நேத்தும் மாநகராட்சிக்காரனுவ இளநீ அனுப்பிச்சானுவளா?" என்று கேட்டுக்கொண்டே கூட நடந்தார்.

"அனுப்பினாங்க."

"குடிச்சியா?"

"குடிச்சேன். சுழியம்."

"நான் குடிச்சதுக்கு எட்டு காட்டுச்சு. பகுப்பான்ல கேட்டா, மூலம் தென்னைமரம்னு வருது. மாநகராட்சிக்கு அதுலயும் ஒண்ணும் கிடைக்கல." அண்ணாச்சி சிரித்தார். செல்வின் சிரிக்கவில்லை.

விசாரணைக் கூடத்தின் சுவரில் பெரிய எழுத்தில் விதி ஒன்பது எழுதியிருந்தது: வட்டத்திலுள்ள வீட்டுக்குப் பயன் தரும் எந்தச் சேவையும் நிறுத்தப்படாது. வரி கட்டுபவர்களின் ஆறுதலுக்காக எழுதி வைத்தது.

உதவி ஆணையர் வைதேகி அவனுடைய பயன்மானியைத் திரையோடு இணைத்தார். பெரிய சுழியம் ஒன்று தோன்றியது.

"விதானத்துக்குக் கீழதான் இருக்கீங்க. கொஞ்சங்கூட இதமா இல்லையா, மிஸ்டர் செல்வின்?"

"இல்ல மேடம்."

"நாலு தெருவும் சந்தோஷமா இருக்கு."

"இருக்கட்டும். என் வீட்ட விட்டுடுங்க."

அவர் பெருமூச்சு விட்டுப் பழுப்புக் கோப்பு ஒன்றை இழுத்தார். விலக்கு கொடுக்கவோ தூண் நடவோ அந்த வீட்டிலிருந்து வந்த பழைய மனுக்களை முதலில் கேட்டு முடிக்கவேண்டும் என்பது நடைமுறை.

"நான் மனு எதுவும் போடலையே."

"பிரிசில்லா செல்வின். மூணு வருஷம் முன்னாடி. விசாரிக்கப்படவில்லைன்னு குறிப்பு இருக்கு." வைதேகி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஏற்ற இறக்கமில்லாத அலுவலகக் குரலில் படித்தார்.

"'ஐயா, எங்கள் தெருச் சாக்கடை இரண்டு வருடமாகத் திறந்து கிடக்கிறது. அதற்கு ஒரு மூடி போட வக்கில்லாத நீங்கள் வானத்துக்கு மூடி போடப்போவதாகக் கேள்விப்பட்டேன். வானத்தில் இதுவரை யாரும் தவறி விழவில்லை. நான் இன்று காலை சாக்கடையில் விழுந்தேன். என் இடதுகால் செருப்பு தங்கள் வசம் உள்ளது. வலதுகால் செருப்பை இத்துடன் இணைத்துள்ளேன். ஜோடி சேர்த்துத் திருப்பித் தரவும்.'"

வைதேகி கோப்பின் உறையைக் கவிழ்த்தார். மாநகராட்சியில் மனு தொலையலாம், இணைப்பு தொலையாது. 'இணைப்பு 1' என்று முத்திரை குத்திய பிளாஸ்டிக் பையில் ஊதா நிறச் செருப்பு ஒன்று மேசையில் விழுந்தது. பெருவிரல் பக்கம் தேய்ந்திருந்தது.

அன்றைக்கு அவள் வெறுங்காலோடு வந்தது செல்வினுக்கு நினைவு வந்தது. அறுந்துபோச்சு, தூக்கிப் போட்டுட்டேன் என்றாள். இவ்வளவு நீட்டி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள், வாய் திறக்கவில்லை.

முதலில் தோள் குலுங்கியது. அடக்கப் பார்த்தான். முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான், கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தான். திரையில் எண் ஓடி அறுபத்தொன்றில் நின்றது.

"ஏ செல்வின், மானிய பாருடே," என்றார் அண்ணாச்சி மெதுவாக.

"பயன் பதிவாயிடுச்சு," என்றார் வைதேகி. "விலக்கு கிடையாது. திங்கட்கிழமை துளை போட ஆள் வருவாங்க."

செல்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எதனால வந்த பயன்னு கேளுங்க மேடம்."

"எதுக்கு?"

"எதனால வந்துச்சோ அதுக்குத்தானே வரி?"

வைதேகி பொத்தானை அழுத்தினார். பகுப்பான் அரை நிமிடம் முனகிவிட்டு எழுதிக்காட்டியது. *மூலம்: மாநகராட்சிச் சேவை எண் 44. ஆட்சேபம் கேட்டல்.*

வைதேகி பொத்தானை மறுபடி அழுத்தினார். அதே வரி.

"இது இயந்திரக் கோளாறு."

"அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"ஆமா மேடம், எழுதிக் குடுங்க," என்றார் அண்ணாச்சி. "இதுவரை நான் கட்டுன வரியெல்லாம் நாளைக்கே வந்து திருப்பி வாங்கிக்கிடுதேன். நாலு தெருவுக்கும் சொல்லிவிட்டுருவேன்."

வைதேகி எழுதவில்லை. "சரி. இந்த மனுவை இப்பவே தள்ளுபடி பண்றேன்."

"பண்ணா சேவை நின்னுபோகும்," என்றான் செல்வின். அவருக்குப் பின்னால் சுவரில் இருந்த விதி ஒன்பதைக் காட்டினான். "மனு நிலுவையில இருக்கறவரை தூண் நட முடியாது. மனுவ முடிக்கவும் முடியாது. நான் வட்டத்துக்குள்ளயே இருக்கேன். வரி போடுங்க."

வைதேகி திரும்பிச் சுவரைப் பார்த்தார்.

எழுந்திருக்கும்போது செல்வின் பையைத் தொட்டான். "இத எடுத்துக்கலாமா?"

"மனு முடிஞ்சாத்தான் இணைப்பைத் தரமுடியும்."

அவன் கை பையின் மேலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு கையை எடுத்துக்கொண்டான். "அப்போ இங்கேயே இருக்கட்டும். அடுத்த விசாரணை என்னிக்கு?"

ஆடிக்குள் முப்பத்தெட்டு வீடுகள் சேவை எண் 44-க்கு மனுக் கொடுத்தன. வட்டத்தில் அதிகப் பயன் தருவது விதானம் அல்ல, ஆட்சேபம் கேட்டல்தான் என்று பகுப்பான் அறிக்கை அனுப்பியது. பயன் அதிகமுள்ள சேவையை விரிவாக்கியே தீரவேண்டும் என்பதும் விதி. ஆறாவது தூணுக்கு வாங்கிய இரும்பை வைத்து விசாரணைக் கூடத்தைப் பெரிதாக்கினார்கள்.

ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை செல்வின் முன்வரிசையில் உட்காருகிறான். வைதேகி கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாக்கடையிலிருந்து வானம் வரை ஒரு சொல் விடாமல் படிக்கிறார். உறையைக் கவிழ்த்துச் செருப்பை மேசையில் வைக்கிறார். அறுபத்தொன்று இதுவரை இறங்கவில்லை. நான்கு தெருக்களில் அதிக வரி கட்டுவது அவன்தான். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

கடைசியில் சட்டப்படி கேட்கவேண்டிய கேள்வியை வைதேகி தலை நிமிராமல் கேட்கிறார்.

"ஆட்சேபம் இன்னும் உண்டா?"

"உண்டு," என்கிறான் செல்வின்.