நாளையைக் கீறும் பெட்டி

நாளைய வெயிலை இன்றைக்கே பார்க்கும் பெட்டியை நீங்கள் கண்டிருக்கிறீர்களா? பத்து வயது ஆரணி கண்டிருக்கிறாள். மயிலிட்டிக் கரையில் அவளுடைய அம்மா பத்மாவதி நடத்தும் ஐஸ் அறையின் சுவரில்தான் அது இருக்கிறது.

கூரையில் சோலார் தகடுகள். உள்ளே அந்த மின்சாரத்தைச் சேமிக்கும் பற்றறியும் ஐஸ் மெசினும். எப்போது ஐஸ் செய்வது, எப்போது பற்றறியை நிரப்புவது என்பதையெல்லாம் அந்தப் பெட்டிதான் தீர்மானிக்கும். வரப்போகும் வெயிலை மஞ்சள் கோடாகவும், தேவைப்படும் ஐஸை நீலக் கோடாகவும் தன் திரையில் கீறி வைக்கும்.

மஞ்சள் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் ஆரணிக்கு மெய்சிலிர்க்கும். இன்னும் விடியாத ஒரு நாள் அல்லவா அது!

அன்று மத்தியானம் நல்ல வெயில். ஆனால் ஐஸ் மெசின் சத்தமில்லாமல் கிடந்தது.

"அம்மா, மெசின் நித்திரை கொள்ளுது."

"பெட்டி சொல்லித்தான் கொள்ளுது. நீ கை வைக்காதை. அது எங்களை விடக் கெட்டிக்காரப் பெட்டி."

அந்த நேரம் வள்ளக்கார முருகேசு மாமா வாசலில் தலையை நீட்டினார்.

"பத்மாவதி, திருவிழா முடிஞ்சுது. இண்டைக்குப் பின்னேரம் எல்லா வள்ளமும் கடலுக்குப் போகுது. விடிய நிறைய ஐஸ் வேணும். கோயில் கொடியேறினதிலிருந்து எங்களுக்கு உழைப்பில்லை. பிடிக்கிற மீனும் பழுதாப் போனால் சரி வராது."

"அதெல்லாம் பெட்டி பாத்துக்கொள்ளும்," என்றார் அம்மா.

ஆரணி திரையைப் பார்த்தாள். நாளைய மஞ்சள் கோடு படுத்துக் கிடந்தது. மழைமுகில் வரப்போகிறது. நீலக் கோடோ எழும்பவே இல்லை.

"அம்மா! நாளைக்கு ஐஸே தேவையில்லை எண்டு பெட்டி நினைக்குது!"

"ஏனடி?"

ஆரணி யோசித்தாள். திருவிழா நாட்களில் ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. ஒருவரும் ஐஸ் கேட்கவில்லை. போன நாட்களைப் பார்த்துத்தானே பெட்டி வரும் நாளைக் கணிக்கிறது?

"அம்மா, அதுக்கு வானம் தெரியும். எங்கடை அம்மன் கோயில் தெரியாது."

முருகேசு மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப அதையும் ஒருக்காத் தேர் பாக்கக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேணும்!"

அம்மா சிரிக்கவில்லை. பற்றறி நிரம்பிவிட்டது. மிச்ச வெயில் கூரையில் வீணாகிக்கொண்டிருந்தது. நாளைக்கு அந்த வெயிலும் இராது.

"பிழையா எதையும் அமத்திப்போட்டால் என்ன செய்யிறது, பிள்ளை?"

"நாங்கள் சொல்லாட்டி அதுக்கு ஆர் அம்மா சொல்லுறது?"

அம்மா மெல்லத் தலையாட்டினார். ஆரணி திரையில் 'நாளைய தேவை' என்ற இடத்தைத் தொட்டு உச்சிவரை உயர்த்தினாள்.

நீலக் கோடு தவழ்ந்து, எழும்பி, நிமிர்ந்து நின்றது. உள்ளே மெசின் உறுமியது. ஐஸ் கலகலவென்று கொட்டத் தொடங்கியது.

மறுநாள் முகில் கடலைத் தொட்டுக்கொண்டு நின்றது. வள்ளங்கள் வயிறு நிறைய மீனோடு கரைக்கு வந்தன. ஒரு மீன்கூடப் பழுதாகவில்லை.

ஆரணி திரையின் முன்னால் அசையாமல் நின்றாள். நேற்றுக் கீறிய மஞ்சள் கோட்டின் மேலேயே இன்றைய உண்மையான வெயில் புள்ளி புள்ளியாக நடந்து போய்க்கொண்டிருந்தது. மூச்சு விடக்கூட அவள் மறந்துபோனாள்.

"ஆரணி!" வெளியே முருகேசு மாமா கூப்பிட்டார். "நாளைக்கு எப்பிடியாம்? உன்ரை பெட்டியைக் கேட்டுச் சொல்லு!"

"பொறுங்கோ மாமா," என்றாள் ஆரணி. "முதல்லை நீங்கள் சொல்லுங்கோ, நாளைக்குக் கடலுக்குப் போறீங்களோ? பெட்டி கேக்குது!"