பன்னிரண்டு மணி தாண்டிய தாள்

“ஐயோ...!”

ஜப்பான் மத்திய வங்கியின் எட்டாவது மாடியில் அந்த அலறல் கேட்டபோது மணி பதினொன்று ஐம்பது.

படிக்கட்டின் அடியில் செயலர் ஒரிஹாரா கிடந்தார். கழுத்து ஒடிந்திருந்தது. விரல்களுக்குள் ஒரு தாள்... பத்திரமாக!

கால் மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் ஹட்சுயே வந்துவிட்டாள். வந்ததும் கேட்டாள்.

“அது என்ன தாள்?”

“வட்டி பற்றின முடிவு” என்றார் வங்கித் தலைவர் இமாயோஷி. நெற்றியெல்லாம் வியர்வை. “ஒன்பது பேர் முத்திரை குத்தினது இது ஒண்ணுதான். கீழே நிருபர்கள்கிட்ட போயாகணும்!”

“என்ன முடிவு?”

“மாற்றமே இல்ல. ஆனா பன்னெண்டு தாண்டியாச்சு. இன்னும் தாள் வரலன்னா, உள்ள வட்டியை ஏத்தறாங்கன்னு டோக்கியோவே முடிவு கட்டிடும். யென் எகிறும், டாலர் விழும், ஏத்துமதிக் கம்பெனிங்க அடிவாங்கும். பன்னெண்டரைக்குப் பங்குச்சந்தை சாப்பாடு முடிஞ்சு திறந்ததும்... அவ்வளவுதான்!”

“தொடாதீங்க மேடம்!” குறுக்கே வந்தார் பாதுகாப்பு அதிகாரி ஹிராயாசு. “தடயம். கைரேகைக்காரங்க வரட்டும்.”

அவர் சொன்னதும் சரிதான். ஹட்சுயே குனிந்து தாளைப் பார்த்தாள். இது கொலை என்றால், தாளைக் கொடுத்தால் தடயம் அழிந்து கொலைகாரன் தப்பிப்பான். கொடுக்காவிட்டால்...

அவள் போன் அதிர்ந்தது. கணவன் ஷிகெரு!

“ஹட்சுயே! டாலர் நூத்தம்பது யென்னுக்கு இறங்கிடுச்சு! என் ஓய்வூதியப் பணம் பூராவும் பங்குல கிடக்கு!”

“ஏங்க, நான் பிணத்துப் பக்கத்துல நிக்கறேன்!”

“நானும் அப்படித்தான் நிக்கறேன்!”

துண்டித்தாள். ஹிராயாசு கழிவறையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்.

“மறுபடியுமா சார்?”

“வயிறு சரியில்ல மேடம்.”

பன்னிரண்டு இருபத்தைந்து... முப்பது...

பங்குச்சந்தை திறந்தது!

“கொடுத்துடுங்கம்மா!” இமாயோஷி கைகூப்பாத குறை. “சின்னச் சின்னப் பட்டறைக்காரன் எல்லாம் மூழ்கிடுவான்!”

“இனி கொடுத்து என்ன சார்?” ஹிராயாசு உதட்டைப் பிதுக்கினார். “டாலர் நூத்து நாப்பத்தெட்டுக்கு வந்தாச்சு. நடந்தது நடந்துபோச்சு.”

ஹட்சுயே தன் போனைப் பார்த்தாள்.

நூற்று நாற்பத்தெட்டு!

“தலைவரே, கூட்டம் நடக்கிற நாள்ல இந்த மாடியில போன் வச்சுக்கலாமா?”

“கூடவே கூடாது. காலையிலயே எல்லாரும் பெட்டியில போட்டுப் பூட்டியாச்சு. எனக்கே இப்ப யென் என்ன விலைன்னு தெரியாதும்மா.”

“எனக்குத் தெரியும். வெளியிலிருந்து வந்தவ. போன் இருக்கு.” மெல்லத் திரும்பினாள். “ஹிராயாசு சார்... நூத்து நாப்பத்தெட்டுன்னு உங்க வயித்துக்கு யார் சொன்னாங்க?”

அவர் முகம் வெளுத்தது. ஓட ஒரு அடி வைத்தார். கூட வந்திருந்த கான்ஸ்டபிளின் பிடி விழுந்தது. இடது காலுறைக்குள்ளிருந்து வந்தது இரண்டாவது போன்!

“சாகணும்னு தள்ளல மேடம்...” குரல் உடைந்தது. “கால் முறிஞ்சா போதும், அரை மணி தாமதமாகும்னுதான்... யென் ஏறும்னு இருந்ததெல்லாம் வச்சுக் கட்டிட்டேன்!”

“அதான் தாளைத் திருடாம, தடயம்னு சொல்லித் தொட விடாம வச்சிருந்தீங்களா! லாபத்தை எடுத்தாச்சா?”

“இல்ல... இன்னும் கொஞ்சம் ஏறட்டும்னு...”

ஹட்சுயே கையுறையோடு தாளை உருவினாள். “கீழே ஓடுங்க, தலைவரே!”

பன்னிரண்டு முப்பத்தைந்து. தாள் வெளியானது. டாலர் விருட்டென்று மேலே பாய்ந்தது. தடயப் பைக்குள் ஹிராயாசுவின் போன், கட்டிய பணமெல்லாம் போச்சு என்று இரண்டு முறை அழுது ஓய்ந்தது.

அவள் போனும் அலறியது.

“ஹட்சுயே! நான் தப்பிச்சேன்! சந்தை திறந்ததும் தடதடன்னு விழுந்துச்சு. இருந்ததை எல்லாம் வித்துத் தள்ளிட்டேன்!”

“இப்ப விலையைப் பார்த்தீங்களா?”

மறுமுனையில் விசைகளைத் தட்டும் சத்தம்.

“...ஏறிடுச்சே!”

ஹட்சுயே கையுறையைக் கழற்றினாள்.

“இங்க ஒரு கொலைக்கு ஆள் பிடிச்சாச்சுங்க. அடுத்தது நம்ம வீட்லதான்... எங்கயும் போயிடாதீங்க!”