ஒரு முழம் கூட்டும் லெகிங்ஸ்

புதுத் திருப்பூரில் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதில்லை. முகத்தை ஒரு மாலைப்பொழுதில் மாற்றிக்கொள்ளலாம். அதற்கென்றே கடைவீதியில் நாலைந்து கடைகள் இருந்தன. தொடையெலும்பை அப்படி மாற்ற முடியாது. ஆகவே மாப்பிள்ளை வீட்டார் நேரே பயிற்சிக்கூடத்துக்கு வந்து, பெண் ஓடுபட்டையில் ஓடுவதை உட்கார்ந்து பார்ப்பார்கள். சொஜ்ஜி, பஜ்ஜி எல்லாம் பழைய வழக்கப்படி உண்டு. ஓடுகிறவளுக்கு மட்டும் கிடையாது.

செவ்வாய்க் கிரகத்தின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். சும்மா இருந்தால் எலும்பு அப்பளமாகிவிடும். அதனால் தினசரி உடற்பயிற்சி சட்டமாகியிருந்தது. பயிற்சிக்கூடத்தில், தின்னும் நேரம் தவிர, எல்லோரும் மூச்சுமூடி போட்டிருக்க வேண்டும். வெளியே தெரிவது கண்கள் மட்டும். சம்மதம் ஆகும்வரை பெயரும் சொல்லமாட்டார்கள். 'ஏழாம் பட்டைப் பொண்ணு' என்றால் போதும்.

இங்கே பிறந்த பிள்ளைகள் சுரைக்கொடி மாதிரி வளர்ந்தார்கள். ஆறரை அடி என்பது சாதாரணம். நிலத்தைக் குடைந்து கட்டிய வீடுகளின் கூரையோ ஆறடிதான். பாதி ஊர் நெற்றியில் வீக்கத்தோடு திரிந்தது. இருந்தும் உயரம்தான் அழகு என்று வைத்துக்கொண்டார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

மரகதவல்லிக்குப் பெயரில் இருந்த நீளம் ஆளில் இல்லை. நாலடி பதினோரு அங்குலம். குழந்தையில் வந்த எலும்பு நோவுக்காக அவளைச் சுழல்கூடத்தில் வைத்து வளர்த்தார்கள். அந்தக் கூடம் ராட்டினம்போல் சுற்றிச் சுற்றிப் பூமியின் எடையை உண்டாக்கும். எடை அழுத்தியதில் எலும்பு இரும்பானது, ஆள் வளரவில்லை. எலும்புமானியில் ஊரிலேயே அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வந்த மூன்று வீட்டாரும் சொஜ்ஜியைத் தின்றுவிட்டு ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "பொண்ணு தங்கமுங்க. இன்னுஞ் சித்தெ வளந்திருந்தா நல்லாருக்கும்."

முப்பது வயதில் இனி எங்கே போய் வளர்வது? மூன்றாவது முறை அவள் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். தன்னை அளக்காத ஒருவன் வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை.

நாலாவது வரன் வந்ததும் அவள் அம்மா ரங்கநாயகி அவளை இழுத்துக்கொண்டு துணிக்கடைக்குப் போனாள். அங்கே விற்பனையாளாக நின்றது பொன்னி என்ற இயந்திரப் பெண்.

"வாங்கம்மிணி. குட்டை அளவுங்களா?" என்று கேட்டுவிட்டுப் பொன்னி உடனே திருத்திக்கொண்டது. "மன்னிச்சுக்குங்க, சிற்றளவுன்னு சொல்லோணும். புது உத்தரவு."

"எதுவோ ஒண்ணு. எம்புள்ள உசரமாத் தெரியோணும்," என்றாள் ரங்கநாயகி.

பொன்னி அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டது. குறுக்குக் கோடு கூடாது, காலை வெட்டிக் காட்டும். தொடையில் பாக்கெட் கூடாது, அகலம் தெரியும். இடுப்பு தொப்புளுக்கு மேலே ஏற வேண்டும். கணுக்காலில் துணி சுருங்கி நின்றால் காரியம் கெட்டது. ஒரே கருநிறம், பக்கவாட்டில் மேலிருந்து கீழே ஒற்றைத் தையல்.

மரகதம் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். அழகாகத்தான் இருந்தது. நாலடி பதினோரு அங்குலத்துக்கு என்ன அழகோ அந்த அழகு.

"இதுக்கு மேலன்னா விழியேய்ப்பு நூல்தானுங்க," என்றது பொன்னி, குரலைத் தாழ்த்தி.

அந்த நூல் ஒளியை வளைக்கும். ஆளின் உருவத்தையே ஒரு முழம் மேலே தூக்கி, நடுவில் விழுந்த இடைவெளியைக் காலால் நிரப்பிக் காட்டிவிடும். யாரும் தலையைத் தொட்டுப் பார்க்காதவரை பிசகில்லை.

"பச்சத் தண்ணிலதான் தொவைக்கோணும். சுடுதண்ணி பட்டா நூலு செத்துப்போயிரும்," என்று பொன்னி எச்சரித்தது. "புடிக்கலீன்னா ஒரு வாரத்துல திருப்பிக் குடுத்துக்கலாம்."

"ஏமாத்தறது தப்பில்லியாம்மா?" என்றாள் மரகதம்.

"பவுடர் பூசறது மட்டும் என்னவாம்? பேசாம வா கண்ணு."

பெண் பார்க்கும் நாளில் ஏழாம் ஓடுபட்டையில் ஆறு அடி ஐந்து அங்குலத்துக்கு ஒரு பெண் ஓடினாள். மாப்பிள்ளையும் கிட்டத்தட்ட அதே உயரத்தில், நீளமான கால்களோடு எதிரே நின்றிருந்தான். அவன் அம்மா பஜ்ஜியைக் கடித்தபடி எழுந்து வந்து, வழக்கப்படி பட்டையின் ஏற்றத்தைக் கூட்டினாள். மறுபடியும் கூட்டினாள். மரகதத்துக்கு மூச்சு வாங்கியது.

"போதுமம்மா. அவங்க என்ன மாடுங்களா?" என்று சொல்லிக்கொண்டே மாப்பிள்ளை கையை நீட்டி ஏற்றத்தைக் குறைத்தான்.

அந்த ஒரு சொல்லில் மரகதத்துக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. மூச்சுமூடிக்குள் அவள் சிரித்தது யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் பதில் வந்தது. பொண்ணு தங்கம். ஆனால் நெம்ப உசரம்.

ரங்கநாயகி பதிலைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். "நாசமாப் போக! குட்டைன்னு சொன்னாங்க, பொறுத்துக்கிட்டேன். உசரம்னு சொன்னா நான் எங்க போய் முட்டிக்கறது?"

மரகதத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்குமுன் அழுகையும் வந்துவிட்டது. லெகிங்ஸை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள்.

பொன்னியிடம் அவளுக்கு முன்னால் ஒருவன் நின்றிருந்தான். புதுத் திருப்பூரில் ஒரு ஆணின் பின்தலையை மரகதம் கண் மட்டத்தில் பார்த்தது அதுவே முதல் தடவை. அவனும் ஒரு லெகிங்ஸைத்தான் மேசைமேல் வைத்திருந்தான். கருநிறம், ஒற்றைத் தையல், ஆண்கள் அளவு.

"ஏனுங்க, நூல்ல ஏதாச்சும் கோளாறுங்களா?" என்றது பொன்னி.

"அதெல்லாமில்லீங்க. இதப் போட்டுக்கிட்டுத்தான் பொண்ணு பாக்கப் போனேன். எனக்குப் புடிச்சிருந்துச்சு, நல்லா ஓடுனாங்க. அவ்வளவு உசரத்துப் பக்கத்துல நான் நிசத்துல நின்னா ஊரு சிரிக்கும்னு அம்மா வேண்டாம்னுட்டாங்க."

மரகதம் அந்தக் குரலைத் தெரிந்துகொண்டாள். தன் லெகிங்ஸை எடுத்து அவனுடையதன் பக்கத்தில் வைத்தாள்.

"ஏழாம் பட்டைங்க," என்றாள்.

அவன் திரும்பினான். அவளைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். "அட சாமி!" என்று வாய்விட்டுச் சிரித்தான். பெயர் செங்கோட்டுவேல் என்று சொன்னான். அவனும் சுழல்கூடத்தில் வளர்ந்தவன்தான். "எங்கம்மா கேட்டா சந்தோசத்துல குதிப்பாங்க. எனக்கு உங்கள இப்படியே புடிச்சிருக்குங்க."

இப்படியே. வாழ்நாளெல்லாம் அவள் கேட்கக் காத்திருந்த சொல். அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பதில் சொல்ல வாயெடுத்தவள் கடைக் கண்ணாடியைப் பார்த்தாள். அதில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

"சித்தெ நிமுந்து நில்லுங்க," என்றாள்.

அவன் நிமிர்ந்துதான் நின்றிருந்தான்.

"ரெண்டு பேருக்கும் அரை அங்குலந்தானுங்க வித்தியாசம். அம்மிணிதான் உசரம்," என்றது பொன்னி உதவியாக.



"எனக்கொண்ணுமில்லீங்க," என்றாள் மரகதம். "ஆனா கல்யாணத்துக்கு நாலு பேரு வருவாங்க. மாப்பிள்ளைய விடப் பொண்ணு உசரம்னா பேச மாட்டாங்களா?"

செங்கோட்டுவேல் மேசைமேல் கிடந்த தன் லெகிங்ஸைப் பார்த்தான்.

அவள் பொன்னியின் பக்கம் திரும்பினாள். "என்னோடத எடுத்துக்குங்க. அவரோடது இருக்கட்டும்."

அடுத்த வாரம் மறுபடி பெண் பார்த்தார்கள். இந்தத் தடவை மூன்றாம் பட்டை; மூச்சுமூடிக்குள் இருப்பது போன வாரத்து ஆட்கள்தான் என்று இரண்டு அம்மாக்களிடமும் யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "போன வாரம் ஒருத்தியப் பாத்தமுங்க, பனமரமாட்ட. இதுதாங்க எம்பையனுக்கேத்த பொண்ணு," என்றாள். ரங்கநாயகி ஓடுபட்டையின் ஓரமாக வந்து, "மாப்பிள்ள எவ்வளவு உசரம் பாத்தியா கண்ணு! நீ குடுத்து வெச்சவ," என்று மகளின் காதில் சொன்னாள்.

"ஆமாம்மா," என்றாள் மரகதம்.

எதிரே மாப்பிள்ளை ஆறடிக்கும் மேலாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். ஓடிக்கொண்டே அவள் முடிவு செய்துகொண்டாள்: கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுத் துணியெல்லாம் இயந்திரத்தில் போகலாம். அந்த ஒன்றை மட்டும் பச்சைத் தண்ணீரில், தன் கையால்தான் துவைக்க வேண்டும்.