மறைப்புத் தண்டனை

பந்தய நாள் என்றால் தூத்துக்குடித் துறையில் முதல் வேலை கண்வில்லைச் சோதனைதான். பாய்மரப் பேராயத்தின் ஆள் கருவியைக் கண்ணுக்கு நேரே பிடிப்பான். வில்லை சரியாக ஒட்டியிருந்தால் பச்சை எரியும். வேடிக்கை பார்க்க வந்தவரானாலும் வில்லை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். மெர்சலின் பச்சை வாங்கிக்கொண்டு படகில் ஏறினாள். பக்கத்தில் டெல்பின் தன் படகைக் கட்டிவைக்கும் இடம் வெறிச்சென்று கிடந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்கு மனசு குளிர்ந்தது.

பின்னே? வருஷா வருஷம் டெல்பின் முதல், மெர்சலின் இரண்டாவது. அவள் கோப்பையைத் தூக்கும்போதெல்லாம் இவளுக்கு வயிறு பற்றி எரியும். போன பந்தயத்தில் டெல்பினின் படகு திருப்புமிதவையை லேசாக உரசிவிட்டது. உரசினால் அங்கேயே ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அவள் சுற்றவில்லை. அபராதத்தோடு விட்டிருப்பார்கள். மெர்சலின் விட்டால்தானே! நடையாய் நடந்து, வேண்டுமென்றே செய்த ஏமாற்று என்று சாதித்து, மறைப்புத் தண்டனை வாங்கிக் கொடுத்தாள்.

கடல் பொது, அதில் இறங்காதே என்று சொல்லப் பேராயத்துக்கு அதிகாரம் இல்லை. ஆனால் ஊர்க் கண்ணிலிருந்தே ஒருத்தியை எடுத்துவிட அதிகாரம் உண்டு. வில்லை ஆளையும் படகையும் அழித்து, அந்த இடத்தில் வெறும் கடலை வரைந்து காட்டும். வில்லையோடு சேர்த்து எல்லோரும் மாட்டியிருக்கும் காதுப்பொறி குரலை விழுங்கிவிடும்.

"ஏட்டி, ஒரு உரசலுக்கா என்னைய இல்லாமலே ஆக்குத?" என்று டெல்பின் கேட்டதுதான் கடைசியாகக் காதில் விழுந்தது.

பந்தயம் தொடங்க வெடி போட்டார்கள். மெர்சலின் எல்லோரையும் பின்னால் தள்ளிவிட்டுப் பறந்தாள். கடைசித் திருப்பம் தாண்டியதும் பாய் திடீரென்று தொங்கியது. கொண்டல் காற்று நன்றாகத்தான் வீசியது; பின்னால் வருகிறவர்களின் பாயெல்லாம் புடைத்து நின்றன. முன்னால், காற்று வரும் பக்கம் இன்னொரு படகு போனால்தான் பாய் இப்படிச் சோரும். அங்கே வெறும் கடல்தான் தெரிந்தது. அவள் வலப்பக்கம் ஒதுங்கினாள், பாய் புடைத்தது. அடுத்த நொடியே மறுபடி தொங்கியது. இடப்பக்கம் போனாலும் அதே கதை. இவள் எந்தப் பக்கம் போவாள் என்று முன்கூட்டியே தெரிந்து மறிக்கிற கை இந்தக் கரையில் ஒன்றே ஒன்றுதான் உண்டு.

எல்லைக்கோடு வரை பாய் முழுசாக நிமிரவே இல்லை. முன்பே எடுத்திருந்த இடைவெளியால்தான் பின்னால் வந்தவர்களுக்கு முன் கோட்டைத் தொட்டாள். கரையில் விசில் பறந்தது.

நடுவர் சவரிராயன் கோப்பையோடு வந்தார். கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"புகார் ஏதும் இருக்கா, தாயி?"

தண்டனையில் இருப்பவள் பந்தயத்துக்குள் புகுந்தாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், டெல்பினுக்கு ஆயுளுக்கும் மறைப்பு. வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னால், இன்றைக்கும் அவள்தான் முதல் என்று தன் வாயாலேயே சொன்னதாகிவிடும்.

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. எனக்கு முன்னாடி யாரும் வரல."

கோப்பையை வாங்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள். ஆட்களுக்கு நடுவே ஆங்காங்கே இடம் காலியாக இருந்தது. ஒவ்வொரு காலி இடத்திலும் டெல்பின் நின்று சிரிப்பதாகத் தோன்றியது.